பஞ்சில் சிக்கிய உணர்கொம்புகள்

கொள்ளை ஈ எந்தப் பேரினம் என்று சொல்ல எனக்கு மூன்று உறுப்புகள் தேவை: இறக்கை நரம்புகள், முகத்து மீசை, உணர்கொம்பின் நுனி. முதல் இரண்டும் கைவசம் இருந்தன. மூன்றாவதை அப்பா கழற்றிவிட்டார்.

பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடித்து உறிஞ்சிவிடும் ஈ இது. வில்கமுவ வயல் வரம்புகளில் வெயிலில் நின்று ஒன்பது பிடித்திருந்தேன். ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயமே அவைதான். பேரினம் தெரியாமல் ஒப்படைக்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பல்லேபொல வீட்டில் எல்லாவற்றையும் ஊசியில் குத்திப் பெட்டியில் வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியை மூடிக் கயிறும் கட்டியிருந்தார் அப்பா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திறந்து பார்க்காதது என் பிழை.

ஆய்வுகூடத்தில் திறந்தால் உள்ளே முழுக்க மருந்துப் பஞ்சு. மெதுவாகத்தான் எடுத்தேன். கால்களும் உணர்கொம்புகளும் பஞ்சோடு வந்தன.

அப்பாவுக்கு போன் எடுத்தேன்.

"பெட்டிக்குள்ள ஏன்ப்பா பஞ்சு வச்சீங்க?"

"பஸ்ஸு குலுக்குமேன்னு மெத்த மாதிரி வச்சேன். ஒண்ணும் ஒடையலதானே?"

"எல்லாம் ஒடைஞ்சிருச்சு."

"ஈதானேம்மா. குசினியில நெறைய இருக்கு, புடிச்சு வைக்கவா?"

போனை வைத்துவிட்டேன்.

நுணுக்குக்காட்டியின் கீழ் பஞ்சைப் பிரித்ததில் ஐந்து நுனிகள் கிடைத்தன. சிலவற்றில் சீப்புப் பல் போல மயிர், சில மொட்டை. அப்படியானால் இரண்டு பேரினங்களாவது இருக்க வேண்டும். எந்த நுனி எந்த ஈயுடையது என்று எப்படிச் சொல்வது?

மேற்பார்வையாளர் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். "சீப்பு உள்ளதுன்னே எல்லாத்துக்கும் எழுதிடுங்க. யாரு பாக்கப் போறா?"

"அடுத்து இந்தப் பெட்டியத் திறக்கிறவங்க பாப்பாங்க மிஸ்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா ஒண்ணு புடிச்சிட்டு வாங்க."

புதன்கிழமை வில்கமுவவுக்கு பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து உழவு இயந்திரம், பிறகு நடை. வயலோரக் குச்சி ஒன்றில் உட்கார்ந்திருந்த ஈ, வலையை ஓங்கும்போதெல்லாம் அடுத்த குச்சிக்கு மாறியது. மத்தியானம் தாண்டித்தான் அகப்பட்டது. பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் திரும்பினேன்.

அதன் நுனியில் சீப்பு இருந்தது. இறக்கை நரம்புகளும் மீசையும் பழைய ஒன்பதில் ஆறோடு அப்படியே பொருந்தின. அந்த ஆறுக்கும் பெயர் எழுதினேன். மற்ற மூன்றின் சீட்டிலும் பேரினத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டேன். மிஸ் அந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.