சீமை ஓமம்

எழுபதுகளின் நடுவில் ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், கோவிந்தாபுரத்துக்கு அருகே. நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கத்தில் வேலை கிடைக்காததால் மலைக்குப் போனேன். தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் குளிர்தான்.

வெள்ளைக்காரர்கள் போய்விட்டிருந்தாலும் மேனேஜரைத் துரை என்றும் அவர் மனைவியைத் துரைசானி என்றும்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் துரைசானி பம்பாயில் வளர்ந்தவர். வேலைக்காரர்களிடம் பேசத் தமிழ் வேண்டும் என்று என்னைச் சனிக்கிழமை மத்தியானங்களில் பங்களாவுக்கு வரச்சொன்னார். ஒரு மணி நேரம் பாடம், அப்புறம் தேநீர். தேநீருக்குப் பின் அவர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போவார். எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

பங்களாவின் பின்பக்கம் சமையலறையை ஒட்டி ஒரு சின்னப் பாத்தி. அதில்தான் தைம் என்கிற சீமை மூலிகைச் செடி இருந்தது. முதல் நாள் அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதிக் காட்டினார். நான் எழுத்துக்கூட்டி வேறெப்படியோ வாசித்தேன். அவர் சிரித்துவிட்டு, அதில் வரும் 'ஹெச்' ஒலிக்காது என்றார். அவருக்குக் கடைசிவரை 'ழ' வரவில்லை. ஒலிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று எனக்கும் கடைசிவரை புரியவில்லை.

இலையைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகரச் சொல்வார். எனக்கு ஓமத்தின் ஞாபகம் வந்தது. சொன்னேன். "சரிதான், இரண்டிலும் ஒரே சத்துதான் இருக்கிறது" என்றார். அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று சொல்வார். கிரேக்கர்கள் கோவிலில் நாம் சாம்பிராணி போடுவதுபோல இதை எரித்தார்களாம், புகையைக் குறிக்கிற சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்ததாம். இல்லை, துணிச்சலைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். எகிப்தில் பிணம் கெடாமலிருக்கத் தடவிய பொருள்களில் இதுவும் ஒன்றாம். போருக்குப் போகிற வீரனுக்கு அவன் விரும்பிய பெண் ஒரு துணியில் இந்தச் செடியின் கிளையையும் ஒரு தேனீயையும் பூத்தையல் போட்டுக் கொடுப்பாளாம். கெட்ட கனவு வராமலிருக்கத் தலையணைக்குள் வைப்பார்களாம். கொள்ளைநோய் வந்த காலத்தில் கையில் கொத்தாகப் பிடித்து முகர்ந்துகொண்டே தெருவில் நடப்பார்களாம்.

எனக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க ஒரு மயக்கம். என் ஊரில், என் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்ற பெருமையும் அதில் இருந்தது.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்த குடும்பம். கொழுந்து பறிக்கும்போது சரிவில் உருண்டு முழங்கால் போய்விட்டது. நிமிர்ந்து ஏற முடியாததால் பங்களாத் தோட்ட வேலைக்கு மாற்றியிருந்தார்கள். தைமுக்கு அவர் வைத்த பெயர் சீமை ஓமம். அவருக்கு அதன் வரலாறு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று தெரியும். பாத்தியில் மூன்று வகை இருந்தன. சாதாரணமாகச் சமையலுக்குக் கிள்ளுவது ஒன்று. படிக்கல் இடுக்குகளில் பாய்போலப் படர்ந்து மிதிக்க மிதிக்க மணக்கிறது ஒன்று. மூன்றாவது, எலுமிச்சை மணம் வருகிற தைம். அது தொட்டியில் ஒரே ஒரு செடி. துரைசானியின் தங்கை எங்கிருந்தோ கொண்டுவந்தது. மழை பிடித்தால் அந்த அக்கா தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுவார்.

அந்த எலுமிச்சை தைமில் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள், "இதில் ஒரு கிளை கிடைக்குமா? ஊரில் நட்டுவைப்பேன்" என்று கேட்டேன். "வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர், இது ஒன்றுதான் இருக்கிறது, இதை மட்டும் கேட்காதீர்கள்" என்று துரைசானி சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது.

மார்ச் கடைசியில் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடினார்கள். மறுநாள் ஊருக்குப் பஸ். அன்று மத்தியானம், துரைசானியிடம் வாங்கியிருந்த ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பங்களாவுக்குப் போனேன். துரைசானி கோட்டயம் போயிருந்தார். சமையல்காரர் உள்ளே இருந்தார். அந்த அக்கா சாப்பிடப் போயிருந்தார். பின்பக்கம் யாரும் இல்லை.

நான் யோசித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல முடியாது. பையில் சாப்பாட்டு டப்பாவும் கரண்டியும் இருந்தன. கரண்டியை எடுத்துத் தொட்டி ஓரத்தில் குத்தினேன். மண்ணைத் தொட்டுக் கிடந்த ஒரு கிளையை வேரோடு எடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இழுத்தபோது செடியில் பாதி கையோடு வந்துவிட்டது. மீதியை அழுத்தி வைத்து, மண்ணை மேலே தள்ளி, குவளையில் தண்ணீர் ஊற்றினேன். கையில் வந்ததை ஈரக் கைக்குட்டையில் சுற்றி டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

குமுளியில் இறங்கித் தேனி, திண்டுக்கல், பழனி என்று பஸ் மாறி மாறிப் போனேன். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் டப்பாவைத் திறந்து தண்ணீர் தெளித்தேன். பொள்ளாச்சியில் இறங்கியபோது அனல் அடித்தது. வீட்டில் அம்மா டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதென்ன செடி?" என்றார். எடுத்து முகர்ந்தார். "ஓம வாசமும் எலுமிச்ச வாசமுமா அடிக்குது. ரெண்டும் நம்மூட்டுலயே கெடக்குதே. இதுக்குப் போயி அத்தன தூரம் சொமந்துட்டு வந்தியா?"

நான் எகிப்து, கிரேக்கம் எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

கிணற்றடியில் ஒரு தொட்டியில் நட்டேன். வெயிலுக்குப் பயந்து காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் விட்டேன். இரண்டு வாரத்துக்குள் கறுத்து அழுகிப்போனது. இந்தச் செடிக்கு வேரில் ஈரம் நிற்கக் கூடாது, காயவிட்டுத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்காவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். யாரிடமும் கேட்க முடியாதபடி எடுத்துவந்திருந்தேன்.

ஜூனில் திரும்பிப் போனபோது மழை பிடித்திருந்தது. முதல் சனிக்கிழமை பங்களாவுக்குப் போனேன். தோட்டத்தில் ஒரு ஆள் களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அக்காவைக் காணோம். எலுமிச்சை தைம் இருந்த தொட்டியில் வேறு ஏதோ பூச்செடி.

தேநீர் ஊற்றும்போது துரைசானி தானாகவே சொன்னார். "அவளை அனுப்பிவிட்டேன் டீச்சர். என் செடியைப் பிடுங்கிக்கொண்டுபோய்விட்டாள். பாதிதான் இருந்தது, அதுவும் பட்டுப்போனது. பிள்ளைக்கு இருமல் என்று எப்போதும் இலை பறித்துப் போவாள், சமையல்காரரே பார்த்திருக்கிறார். கேட்டால் இல்லை என்கிறாள். பொய் சொல்கிறவளை எப்படி வைத்துக்கொள்வது?"

"அப்படியா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். தேநீரை முழுவதும் குடித்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அன்றைய பாடத்தில் இறந்தகால வினைகளைச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த அக்காவை மறுபடியும் கொழுந்து பறிக்க அனுப்பியிருந்தார்கள். ஜூலையில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே பாதையில் எதிரே வந்தார். தலையில் பிளாஸ்டிக் விரிப்பு, முதுகில் கூடை. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தார்.

"நல்லாருக்கீயளா டீச்சர்? ஊர்ல எல்லாரும் சொகந்தானா?"

"நல்லா இருக்காங்க அக்கா. கால் எப்படி இருக்கு?"

"கெடக்கு. ஏறதுகூடப் பரவாயில்ல, எறங்கறதுதான் முடியல" என்றார். நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றார். நான் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். "அப்ப வாரேன்" என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். சனிக்கிழமை வரும். வேலை போய்விடுமோ என்ற பயமெல்லாம் உண்மையில் இல்லை. என்னை வேலையிலிருந்து எடுக்க மாட்டார்கள் என்று தெரியும். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிற பெண்ணாகவே துரைசானியின் கண்ணில் இருக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்த வருஷம் டிசம்பரில் துரைக்கு மாற்றல் வந்தது. பங்களாவில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் சொன்னேன். அந்தச் செடியை எடுத்தது நான், அந்த அக்கா இல்லை என்று சொல்லிவிட்டு நின்றேன். துரைசானி ஒரு பீங்கான் தட்டைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் எந்தச் செடி என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு, "அதுவா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே டீச்சர்" என்றார்.

கேட்டேன், கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

"அக்காவை மறுபடி இங்கே போட முடியுமா?" என்று கேட்டேன்.

"வரப்போகிறவரிடம் சொல்லச் சொல்கிறேன்" என்றார். சொன்னாரா என்று தெரியாது. வந்த துரைக்குத் தோட்டத்தில் ஆர்வமில்லை. சமையலறைப் பாத்தியைத் தூர்த்துப் புல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. முழங்காலில் ஏதோ எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு ஒரு பலகையைப் போட்டார். சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சாப்புட்டு வந்ததுமே பாத்தேன். நான் கொத்துனா மண்ணு அப்படி இருக்காது. கரண்டியில நோண்டுன மண்ணு. நீங்க வந்துட்டுப் போனீயன்னு சமையக்காரரும் சொன்னாரு."

"அப்ப ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா? என்னைய நம்புவாகளா, உங்கள நம்புவாகளா? டீச்சர் மேல பழி போடுதான்னு அதுவும் சேந்துக்கும்." எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார். கோபமாகப் பேசவில்லை. "லீவு முடிஞ்சு வந்து நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன். ஒரு மாசம் போல இருந்தேன். பெறகு விட்டுட்டேன்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "சரி டீச்சர், அழாதீய" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். பேச வேறொன்றும் இல்லாததால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த மாதம் நான் தோட்டத்து ஆபீசுக்குப் போய், சரிவில் ஏறி இறங்காத வேலை கேட்டு அவருக்காக மனு எழுதிக் கொடுத்தேன். பெரிய கிளார்க் அதை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு முறை போய்க் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வாரா வாரம் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போவார். அவரிடம் பேசியிருக்கலாம். பேசினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மறு வருஷம் அந்த அக்காவால் நடக்கவே முடியாமல் போனது. வேலையை விட்டுவிட்டுச் சங்கரன்கோவில் பக்கம் தம்பி வீட்டோடு போய்விடுவதாக முடிவானது. அவர்கள் கிளம்பிய நாள் எனக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு லாரி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே ரோட்டில்தான் நிறுத்திச் சாமான் ஏற்றினார்கள். பாத்திரம் உரசுகிற சத்தம் வகுப்புக்குள் கேட்டது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைப் பாதி போட்டிருந்தேன். "இங்கே பாருங்க" என்று சொல்லிவிட்டு மீதியைப் போட்டு முடித்தேன். லாரி புறப்பட்டுப் போகிற சத்தம் வளைவுவரை கேட்டது. ஐந்து நிமிஷம் போய்விட்டு வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.