கம்ப்யூட்டரும் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜும்

சவூதியில் கம்ப்யூட்டர் தெரிந்த எழுதுவினைஞர் வேலைக்கு மறுநாள் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. சம்பளம் கணக்கிடும் புரோகிராம் ஒன்றை நானே எழுதி, கசெட்டில் பதிந்து கொண்டுபோக வேண்டும். தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் தொலைக்காட்சியில் பொருத்தி எழுதத் தொடங்கினால், பாதியில் திரை வெளுத்து, அது தானாகவே மறுபடி தொடங்கும். எழுதியதெல்லாம் அழிந்துவிடும். பிளக்கை மாற்றினேன். வயர்களைக் கழற்றித் துடைத்தேன். சூடாகிறதோ என்று மின்விசிறியும் வைத்தேன். பயனில்லை. அழுகை வந்தது.

அடுத்த முறை திரை வெளுத்தபோது மேலே பல்பும் மங்குவதைக் கண்டேன். மனைவியின் தங்கைக்குச் சீதனமாக எங்கள் வளவிலேயே கட்டிய வீட்டுக்கு, எங்கள் வீட்டிலிருந்துதான் கரண்ட் போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவளுடைய பிரிட்ஜ் கரண்டை இழுத்து உறுமிக்கொண்டிருந்தது. நோன்பு காலம், உள்ளே விற்பதற்கு வைத்த ஐஸ் பக்கட்டுகள்.

"பின்னேரம் வரைக்கும் இத நிப்பாட்டு புள்ள. இல்லாட்டி எனக்கு அந்த வேல கிடைக்காது."

"நிப்பாட்டுறன் மச்சான். நோன்பு துறக்க ஐஸ் கேட்டு வாற சனத்துக்கு உங்கட கம்ப்யூட்டரத்தான் கரைச்சுக் குடுக்கோணும்."

அவள் பிளக்கை இழுத்தாள். நான் திரும்பி வந்து முதல் வரியிலிருந்து தட்டினேன். இம்முறை திரை வெளுக்கவில்லை. ஆனால் இனிப் பிழை வந்தால் கரண்டைக் குறை சொல்ல முடியாது என்ற நினைப்பில், ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டே அடுத்ததைத் தட்டினேன்.