இடுப்பில் கை போனபோது

1. கடைசி வீடு

போலீசில் சேர்ந்து பதினாறு வருஷம், சுடும் பயிற்சித் திடலைத் தவிர வேறெங்கும் என் பிஸ்டல் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. வந்த அன்று, ஓய்வுபெற்ற ரப்பர் பால்மரத் தொழிலாளி ஒருவரின் நெஞ்சுக்கு நேராக அதைப் பிடித்திருந்தேன்.

அப்போது கோப்பெங் பக்கம் சார்ஜனாக இருந்தேன். ஒரு காலையில் நகைக்கடைக்குள் இரண்டு பேர் புகுந்து, கூரையைப் பார்த்துத் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஓடிவிட்டார்கள். பழைய தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் போனதாகத் தகவல். நானும் கான்ஸ்டபிள் அஸ்மானும் போனோம். அங்கே நாலைந்து குடும்பங்கள்தான் மிச்சம், சுற்றிலும் செம்பனை. எனக்குப் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடைசி வீட்டின் பின்னாலிருந்து கைலி கட்டிய ஒருவர் திடீரென வந்தார். பெயர் முனியாண்டி என்பது பிறகுதான் தெரியும்.

"நில்லு! ஐசி எங்க?" என்று கத்தினேன்.

அவர் சட்டையைத் தூக்கி இடுப்பில் கை விட்டார். நான் பிஸ்டலை உருவிவிட்டேன். விரல் ட்ரிகரில்.

"சார்ஜன், ஐசி! ஐசி!" அஸ்மான் அலறினார்.

முனியாண்டியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே அடையாள அட்டை. தோட்டத்துப் பெரியவர்கள் ஐசியைக் கைலி மடிப்பில்தான் செருகி வைப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். லயத்தில் பிறந்த எனக்கு அது மறந்துபோனது, மலாய்க்காரரான அஸ்மானுக்குத் தெரிந்தது. ஐசி கேட்டவனும் நான்தான், எடுத்ததற்குச் சுடப்போனவனும் நான்தான்.

"சுட்டுறாதீங்க சார், நான் ஒன்னும் செய்யலலா," என்றார். அவருடைய கைலி நனைந்திருந்தது.

2. சாட்சி

மூன்று நாள் கழித்து, முனியாண்டியின் மருமகள் செல்வி அந்த மோட்டாரின் நம்பரைப் பார்த்தார் என்று தெரிந்தது. எங்களிடம் வேறு சாட்சி கிடையாது. போய்க் கேட்டபோது அவர் ஜன்னலைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

"மாமா மூனு நாளா சரியா சாப்பிடல சார். அந்தத் துப்பாக்கிய வச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

துப்பாக்கி இல்லாமல் போகட்டுமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். எரிந்து விழுந்தார்.

"அந்த ரெண்டு திருடனுங்ககிட்டயும் துப்பாக்கி இருக்குலா! நீ வெறுங்கையோட போயி செத்து வச்சா, ஒன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது? போறதுன்னா டியூட்டி முடிஞ்சு போ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

3. வெறுங்கை

மூன்று மணிக்கு டியூட்டி முடிந்ததும் பிஸ்டலை ஆயுத ஸ்டோரில் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு போனேன். முனியாண்டி வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன்.

நிமிர்ந்தார். கத்தி கீழே விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"அண்ணே, எங்கிட்ட ஒன்னும் இல்லண்ணே. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

கை இறங்கவே இல்லை. செல்வி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"நீங்க நல்லவராவே இருக்கலாம் சார். ஒங்க மூஞ்சியப் பாத்தாலே அவருக்கு நடுங்குது. போயிருங்க."

நம்பர் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேரும் சிக்கவே இல்லை.

போலீசுக்குத் துப்பாக்கி வேண்டுமா என்று இப்போது குனோங் ராபாட் கோப்பிக் கடையில் இளம் போலீஸ்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கூரையைச் சுட்டவன் நாளைக்கு உங்களையும் சுடுவான். ஆனால் ஐசி கேட்பதற்கு முன்னால், அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விரலை ட்ரிகருக்கு வெளியே வையுங்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு மனிதரின் நிம்மதியைக் கெடுத்தேன்.

பத்து காஜா ஊருக்குப் போகும்போது அந்த லயத்து வழியை விட்டு இன்றும் சுற்றித்தான் போகிறேன். ரோட்டோரம் அவர் நின்று, என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிடுவாரோ என்று பயம்.