சிவப்பை நீக்கிய ஸ்கேன்

1. பி மெமோ

துணை வட்டாட்சியராக அந்தத் தாலுகா அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன முதல் வாரமே சின்னப்பொண்ணு வந்துவிட்டாள். இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமம். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், ஐம்பது வயது இருக்கும். கையில் பி மெமோ வைத்திருந்தாள். அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்குக் கொடுக்கிற நோட்டீஸ் அது. வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தது.

"அம்மா, இது எங்க ஆத்தாளுக்குச் சர்க்காரு குடுத்த மனைங்க. நான் பொறந்து வளந்ததே அங்கிட்டுத்தான். பட்டா வச்சிருந்த பெட்டி புயல்ல கூரையோட போயிருச்சு. ஆனா ஒங்க ஆபீஸ்ல இருக்கும்ல?"

"இருக்கும்மா. அது எங்க போகப் போகுது? ஒக்காருங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கம்ப்யூட்டரில் அந்த ஊர்ப் பதிவேட்டின் ஸ்கேனைத் திறந்தேன். அவள் சொன்ன சர்வே எண்ணுக்கு நேரே 'புறம்போக்கு' என்று இருந்தது. குறிப்புக் கலத்தில் ஒன்றுமே இல்லை. அரசுக் கணக்குப்படி அது யாருக்கும் கொடுக்கப்படாத அரசு நிலம். அவள் அதில் புகுந்தவள்.

2. பளிச்சென்று ஒரு பதிவேடு

எனக்குச் சந்தேகம் வந்தது அந்த ஒரு வரியால் அல்ல. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன், ஊர் முழுக்கக் குறிப்புக் கலம் காலியாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஊரில் ஒருத்தரும் சாகவில்லையா? ஒருத்தரும் நிலம் விற்கவில்லையா? அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளாத ஊர் புதுக்கோட்டை ஜில்லாவில் எங்கே இருக்கிறது?

எங்கள் துறையில் முதல் பதிவு கறுப்பு மையில் இருக்கும். அதற்குப் பிறகு வருகிற மாற்றம் எதுவானாலும், அரசு மனை கொடுத்தது உட்பட, குறிப்புக் கலத்தில் சிவப்பு மையில்தான் எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொள்கிற பாலபாடம் இது. ஸ்கேன் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"மேடம், பழைய புக்குல செவப்புக் கோடு, கிறுக்கலெல்லாம் விழுந்து பக்கம் அசிங்கமா வந்துச்சு. அதான் ரெட் கலர் மட்டும் ஸ்கேன்ல விழாம ட்ராப்-அவுட் போட்டு எடுத்துட்டோம். ஃபைல் சைஸும் கம்மியாயிருச்சு. பக்கம் பளிச்சுனு இருக்குன்னு ஒங்க ஆபீஸ்லயே பாராட்டுனாங்க மேடம்."

"தம்பி, நீங்க கிறுக்கல்னு எடுத்தது ஊர் சனத்தோட சொத்து."

"எங்ககிட்ட அத யாருமே சொல்லலையே."

அவரைத் திட்டி என்ன செய்ய? 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் ஆட்கள். பக்கங்களை எண்ணி ஒப்பிட்டார்கள், எழுதியிருந்ததை ஒப்பிடவில்லை.

3. ஜீப் ஷெட்

சரி, அசல் இருக்கிறதே என்று ரெக்கார்டு ரூமுக்குப் போனால் அங்கே ரேக்கைக் காணோம். சர்வரும் இரண்டு ஏ.சி.யும் உட்கார்ந்திருந்தன. "ஸ்கேன்தான் முடிஞ்சிருச்சே மேடம், புக்க எல்லாம் பழைய ஜீப் ஷெட்டுக்கு மாத்தியாச்சு" என்றார் பதிவறை எழுத்தர். மெஷினுக்குக் குளிர்ச்சி, ஆவணத்துக்கு ஓட்டைத் தகரம். நல்ல நீதி.

ஷெட்டில் இரண்டு பேருமாகத் தேடி எடுத்தோம். பதிவேடு நனைந்து ஊறி, காய்ந்து, உப்பிப்போயிருந்தது. கறுப்பு எழுத்து கல் மாதிரி அப்படியே நின்றது. சிவப்பு மை மட்டும் கரைந்து, வெற்றிலை எச்சில் பட்டது போலக் கறையாகப் படர்ந்திருந்தது. அவள் மனைக்கு நேரேயும் ஒரு கறை. ஏதோ எழுதியிருந்தது தெரிகிறது, என்ன எழுதியிருந்தது என்று யாராலும் வாசிக்க முடியாது.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த நகலையும் ஸ்கேனுக்கென்று வாங்கி அதே ஷெட்டில்தான் போட்டிருந்தார்கள். அவள் தாய்க்கு மனை கொடுத்த கோப்பு, வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்ததென்று எப்போதோ அழிக்கப்பட்டிருந்தது. பதிவேடு நிரந்தரமாக இருக்கிறதே, கோப்பு எதற்கு என்று அழித்தார்களாம்.

கறை படிந்த பக்கத்தைத் தாசில்தார் மேசையில் விரித்தேன்.

"மேடம், கறைய வச்சு நான் எப்படிப் பட்டா குடுக்குறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது? ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ, அதான் ரெக்கார்டு."

"ஊர்ல விசாரிச்சு வாக்குமூலம் வாங்கிட்டு வாரேன் சார்."

"வாக்குமூலத்த வச்சு ரெக்கார்ட மாத்த எனக்குப் பவர் இல்ல. கோர்ட்டுக்குப் போகட்டும். இல்லையா, ஆக்கிரமிச்ச எடத்த வரன்முறை பண்ணி அவங்க பேருக்கே பட்டா தரச் சொல்லி மனு குடுக்கட்டும். நானே சிபாரிசு பண்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கசக்கிறது.

4. மனு

சின்னப்பொண்ணுவை வரச் சொல்லி விஷயத்தை விளக்கினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப, நான் சர்க்காரு எடத்துல களவாப் புகுந்து ஒக்காந்தேன்னு எழுதித் தரணுமா?"

"ஆமாம்மா. அப்பத்தான் வீடு நிக்கும்."

"குடுத்தது நீங்க. தொலச்சது நீங்க. களவாணி நானுங்களா?"

அவள் கொண்டுவந்த பி மெமோவை எடுத்து, காலி செய்யச் சொன்ன தேதியைப் பார்த்தேன்.

"கோர்ட்டுக்குப் போனா எம்புட்டு நாளாகும்?"

"வருசக் கணக்காகும்."

"அதுக்குள்ள இடிச்சிருவாங்கள்ல?"

"இடிக்கலாம்."

மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தை எழுத்து எழுத்தாக அழுத்திப் போட்டாள். 'அரசு நிலத்தை ஆக்கிரமித்துக் குடியிருந்து வரும் நான்' என்று தொடங்கியது மனு. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். வீடு தப்பியது. சில மாதங்கள் கழித்து வரன்முறைப் பட்டாவை வாங்க வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த பக்கத்தை எண்ணாதீர்கள், அசலைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புரியாத கோட்டை அழுக்கு என்று நீக்குமுன் அந்தத் துறைக்காரர் ஒருவரைக் கேளுங்கள். ஸ்கேன் முடிந்ததென்று அசலை மழையில் போடாதீர்கள்.

நாங்கள் பட்டு உணர்ந்த பிறகு புதிய விதி வந்தது. எல்லாம் கலரில் ஸ்கேன், மூன்று இடத்தில் பேக்கப். அந்த விதிப்படி முதலில் ஸ்கேன் ஆன கோப்புக் கட்டுக்குள் சின்னப்பொண்ணுவின் மனுவும் இருந்தது. அவள் தாய்க்கு அரசு மனை கொடுத்ததற்கு இன்று எங்களிடம் ஒரு சான்றும் கிடையாது. அவள் அரசு நிலத்தை ஆக்கிரமித்தாள் என்பதற்கு மூன்று பேக்கப் இருக்கிறது.