தொண்டூர்க் கிணறும் தலைவர் பதவியும்

திரிசலாவுக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் வந்த ஆசையை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. செஞ்சி வட்டாரச் சூழல்நல அறிவியல் கழகத்தில் பதினெட்டு வருடமாக உறுப்பினர். மைக் சொல்லி வைப்பது, நாற்காலி போடுவது, வருகிற பேச்சாளரை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வருவது எல்லாம் அவள்தான். மேடையில் உட்காருவது மட்டும் வேறு யாராவது.

"இந்த வாட்டி நான் நிக்கப் போறேங்க" என்று கணவர் ரிஷபனிடம் சொன்னாள்.

"நில்லு. ஆனா பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடணும். கூட்டம் கீட்டம்னு பட்டினி கிடக்காத" என்றார் அவர். சமணக் குடும்பம், இருட்டிய பிறகு அடுப்பும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் பார்க்கும் மனிதருக்குத் தேர்தலில் இருந்த ஒரே கவலை அதுதான்.

மேல்சித்தாமூரில் பிறந்து வேதியியல் படித்த திரிசலா, செஞ்சி பஜாரில் ஒரு மாடியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறாள். எந்தத் தண்ணீரையும் லேசில் நம்பமாட்டாள். கல்யாண வீட்டில்கூட தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். பெண் வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டுமே.

எதிர்த்து நின்றவர் கலியபெருமாள். ஓய்வுபெற்ற பேராசிரியர், மூன்று முறை தலைவர். தங்கமான மனிதர்தான், ஆனால் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அவரை ஜெயிப்பது சுலபமில்லை என்று திரிசலாவுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அவளுக்குள்ளேயே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கழகத்தின் சார்பில் தொண்டூரில் கிணறுகளைச் சோதித்தார்கள். மருதேவி என்ற சமண அம்மாள் வீட்டுக் கிணற்றில் கிருமி இருப்பதாகத் திரிசலாவின் சோதனை சொன்னது. குடிக்க லாயக்கில்லை என்று அறிக்கையில் ஏறியது. அந்தக் கிணற்றை நம்பியிருந்த பதினோரு வீட்டுப் பெண்கள் ஆறு வாரம் ஊர்க் கோடிக்கு நடந்து குடம் சுமந்தார்கள். மறுபடி சோதிக்க அவள் போனபோது, பக்கத்து வீட்டு ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னாமா, இன்னிக்கும் துணி கட்டித்தான் ஊத்துவியா?"

திரிசலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமணர் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் புழங்கமாட்டார்கள். சின்ன உயிர்கூடச் சாகக்கூடாது என்பது வழக்கம். பிறந்ததிலிருந்து பழகிய கை. அன்றைக்குக் கிணற்றடிக் கொடியில் கிடந்த துணியை எடுத்து, கிருமி நீக்கிய பாட்டிலின் வாயில் கட்டி, தன்னையறியாமலே வடிகட்டி ஊற்றியிருக்கிறாள். கிருமி துணியில் இருந்தது. கிணறு பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

கிணறு நல்ல கிணறு என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். கழகத்துக்கோ "மறுசோதனையில் சரி" என்று இரண்டே சொல் எழுதி முடித்துக்கொண்டாள். காரணத்தை எழுதவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

கழகத்தில் இது ஆனந்தராஜுக்கு மட்டும் தெரியும். சுகாதார ஆய்வாளர், தேர்தல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. அவளுக்காக மேடைப் பேச்சையும் அவனே எழுதிக் கொடுத்தான்.

"அக்கா, அந்தத் தொண்டூர் மேட்டர மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. முப்பது ஓட்டு நம்ம கையில இருக்குது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஐம்பத்தொன்பது பேர் கூடினார்கள். ஓட்டுப் போட, திரிசலாவின் கூடத்திலிருந்து வந்த பெரிய கண்ணாடி ஜாடி. வேட்பாளருக்கு ஐந்து நிமிடம். கலியபெருமாள் முதலில் எழுந்து இருபது நிமிடம் பேசி, பலத்த கைதட்டலோடு உட்கார்ந்தார்.

திரிசலா தாளைப் பிரித்து வாசித்தாள். கணீரென்றுதான் வாசித்தாள். இரண்டாம் பத்தியில் ஆனந்தராஜ் எழுதியிருந்தான்: "என் சோதனையில் இதுவரை ஒரு தவறும் நேர்ந்ததில்லை."

அந்த வரி வாயில் வரவில்லை. குடத்தோடு நடந்த பதினோரு பேரும் கண்முன் வந்து நின்றார்கள். தாளை மடித்து வைத்தாள்.

"இங்க எழுதியிருக்கறது பொய்" என்றாள். "தொண்டூர்க் கிணத்துல ஒண்ணும் இல்ல. துணி கட்டி வடிகட்டி, நான்தான் கெடுத்தேன். அதுக்குப் பதினோரு வீட்டுக்காரங்க ஆறு வாரம் நடந்தாங்க. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டேன். அதுவும் தப்புதான். நான் தலைவரானா, நம்ம வருஷ அறிக்கையில தப்புக்குன்னு ஒரு பக்கம் வைப்பேன். முதல் வரி என்னுது. அப்புறமும் ஓட்டுப் போடணும்னு தோணுச்சுன்னா போடுங்க."

ஆனந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். பின் வரிசையில் யாரோ "துணி கட்டியா?" என்று கேட்டுச் சிரிக்க, சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. திரிசலாவும் சிரித்துவிட்டாள். தோற்றாலும் சரி, இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

எண்ணி முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. ரிஷபன் ஜன்னலுக்கு வெளியே டிபன் டப்பாவோடு நின்று, ஜாடியைப் பார்க்காமல் ராஜகிரிக் கோட்டை மலை மேல் இறங்கும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. திரிசலா ஜெயித்துவிட்டாள்.

வாழ்த்துச் சொன்னவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு ரிஷபன் உள்ளே வந்து, தலைவர் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, மேஜையில் இட்லியைப் பிரித்தார்.

"தலைவரம்மா, மொதல்ல சாப்டு."

இரண்டாவது இட்லியில் இருந்தபோது கலியபெருமாள் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் தோற்ற வருத்தம் தெரிந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அம்மா, அந்தத் தப்புப் பக்கத்துல ரெண்டாவது வரிய எனக்கு விடு. செங்கல் சூளைப் புகைய அளந்தேன் பாரு, அன்னிக்குக் கருவிய காத்து வர்ற பக்கம் வச்சுட்டேன். புகையெல்லாம் அந்தாண்ட போயிடுச்சு. புகையே இல்லைன்னு எழுதிட்டேன். ஒம்போது வருஷமா உறுத்துது."

திரிசலாவின் வலது கை இட்லியில் இருந்தது. இடது கையால் நோட்டைத் திறந்து, பேனாவை அவரிடமே கொடுத்தாள். அவர் நின்றபடியே எழுதினார். எழுதி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ஆனந்தராஜ்.