கப்பல் கிடைத்தால்

செவ்வாய்க்கிழமை காலை ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து சேவியர் தொலைபேசியில் அழைத்தான். மரியதாஸ் மாஸ்டருடன் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவன். "அண்ணை, மாஸ்டர் போயிட்டார். நித்திரையிலயே." ஏன் என்னை நேற்றே கூப்பிடவில்லை என்று அவனைத் திட்டினேன். நேற்று மாஸ்டர் நன்றாகத்தான் இருந்தாராம்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பைத்தியமும் தெரியும். மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். கையைத் துடைத்தாரென்றால் ஆங்கிலேயப் பாராளுமன்றக் கதைதான். "அறுநூறு வருசத்துக்கு முந்தி, தங்கட சாமான் தங்கட கப்பலிலதான் போகவேணும் எண்டு சட்டம் போட்டாங்கள். பிறகு பாத்தால் கப்பல் காணாது! அடுத்த வருசமே 'கப்பல் கிடைத்தால்' எண்டு சேர்த்தாங்கள். பிழையைத் திருத்தத்தான் பாருங்கோ பாராளுமன்றம்." கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

அவருடைய அகதி விசாரணைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மாஸ்டர் அந்தச் சட்டத்தில் தொடங்கினார், ஐயோ! அவங்கள் தங்கட கப்பல் வாழச் சட்டம் போட்டாங்கள், எங்கட வள்ளம் கடலில் இறங்கக்கூடாதெண்டு சண்டைக் காலத்தில எங்களுக்குச் சட்டம் வந்தது என்று சொல்லத்தான் அந்தச் சுற்று. தடையை மீறிச் சாமான் ஏற்றப்போன தன் தம்பியைக் கடற்படை கடலில் சுட்டுக் கொன்றதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

"மாஸ்டர், தம்பியைச் சொல்லுங்கோ" என்றேன் மெல்ல, அவன் பெயரையும் சொல்லி.

"ஏலாது."

என்ன பேசுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சொல்வதை மட்டும் மொழிபெயர்ப்பதுதானே என் வேலை.

நிராகரிப்புக் கடிதத்தையும் நானே வாசித்துக் காட்டினேன். விண்ணப்பதாரர் பழைய கப்பல் சட்டங்களைப் பற்றியே பேசினார், தனக்கு நேர்ந்த துன்பம் எதையும் கூறவில்லை என்று இருந்தது. "ஓம், சரியாத்தான் எழுதியிருக்கினம்" என்றார். "அடுத்த வருசம் திருத்துவினம்."

திருத்தவில்லை. மேன்முறையீட்டுக்குக் கொடுத்த டெர்மீன், அதுதான் விசாரணை நாள், மூன்று தரம் தள்ளிப்போனது. நாலாவது, வருகிற மாதம். "இந்த முறை தம்பியைச் சொல்லுறன், நீங்கள் பக்கத்தில இருங்கோ" என்று போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார். சந்தோசத்தில் அந்தத் திகதியை அங்கேயே நின்று குறித்துக்கொண்டேன். இப்போது அந்த நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பெயர். அவருடைய தம்பியின் பெயர், அன்ரன். அன்று அதிகாரிக்கு ஒன்றுமில்லை என்று நான் மொழிபெயர்த்தது அந்தப் பெயரைத்தான்.