வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார்கள். எனக்குத் தானாக வந்தது பயம்தான். 2004-லிருந்து திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நின்றேன். என்னைப் போலக் கால் கடுக்க நின்றவர்களுக்கும், காலையில் விரல் மடங்காமல் எழுந்திருக்கிறவர்களுக்கும் இதெல்லாம் புதுசாக இருக்காது. ‘அட, நமக்கும்தானே’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று கோடு

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் கோடு இழுப்போம். மூன்று கோடு என்றால் காலை, மதியம், ராத்திரி. படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் கோடுதான் வேதவாக்கு.

2005-ல் மஞ்சக்குப்பத்திலிருந்து லோகநாதன் என்ற ரிட்டயர்டு கிளார்க்கின் மனைவி சீட்டோடு வந்தார். கணவருக்கு முடக்குவாதம், மூட்டெல்லாம் வீங்கி விரலைக் கோணலாக்கிவிடும் நோய். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள், அன்றைக்கு மூன்று. பன்னிரண்டு மாத்திரை, நாலு வாரத்துக்கு. ‘வாரம் ஒரு நாள்’ என்று வாயால் சொன்னேன். கை என்ன செய்தது என்றால், மூன்று மாத்திரை என்பதற்காகக் கவரில் மூன்று கோடு இழுத்துவிட்டது. கூட்ட நேரம். அந்த அம்மா என் வாயை நம்பவில்லை, கோட்டை நம்பினார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம், இன்னும் வேண்டுமாம். கணவருக்கு வாயெல்லாம் வெந்து போய் மோர்கூட இறங்கவில்லையாம். அந்த நிமிஷமே கார் பிடித்துச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்த அணுக்கள் குறைந்து, பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்து பிழைத்து வந்தார் மனுஷன். அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் சொன்னார்: “நீங்க மூணு கோடு போட்டிருந்தீங்களே தம்பி, ஒரு வேளைகூடத் தவறாம குடுத்தேன்.”

ஊரே நொண்டிய வருஷம்

2006-ல் சிக்குன்குனியா வந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். யார் ‘மூட்டு வலி’ என்று வந்தாலும் சிக்குன்குனியா என்று நாங்களே பெயர் வைத்து வலி மாத்திரை கொடுத்தோம்.

சகாயமேரி அப்படி வந்தவர்தான். மஞ்சக்குப்பத்தில் ஜாக்கெட் தைப்பவர், முப்பது வயசு இருக்காது. காய்ச்சல் வந்து போய் ஆறு மாதம் ஆகியும் இரண்டு கை விரல் கணுக்களும் ஒரே மாதிரி வீங்கி இருந்தன. வலி மாத்திரை வாங்க வந்தவர் கையைக் கவுண்டர்மேல் வைத்தார். என்னோடு வேலை பார்த்த பானு எட்டிப் பார்த்துவிட்டு, இது சிக்குன்குனியா மாதிரி தெரியலை, சிதம்பரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். நானாக இருந்தால் இன்னொரு அட்டை வலி மாத்திரையைத்தான் வெட்டிக் கொடுத்திருப்பேன். சகாயமேரி சிரித்துக்கொண்டே சொன்னார்: “காலைல பத்து மணி வரைக்கும் கத்திரிக்கோல் என் கையில நிக்கல அண்ணே. பத்து மணிக்கு மேலதான் நான் டைலரு.”

நான் ஆற்றிய சொற்பொழிவு

சிதம்பரம் போய் வந்தார். நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார், முகத்தில் நல்ல தெளிச்சி. முடக்குவாதம்தானாம், ஆனால் ஆரம்பம். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் சுத்தமாக இருக்கிறதாம். இப்போதே மாத்திரையைத் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றிவிடலாம், விட்டால் கோணினது நிமிராது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே மெத்தோட்ரெக்சேட்.

லோகநாதனின் வெந்து போன வாய் கண்ணில் வந்து நின்றது. உடனே ஆரம்பித்தேன். இது கேன்சருக்குக் கொடுக்கிற மாத்திரை. ஈரலைக் கெடுக்கும். ரத்தத்தைக் குறைக்கும். குழந்தை உண்டாகவே கூடாது. வாரம் ஒரு நாளுக்கு மேல் போட்டால் உயிர் போகும். கவரில் சிவப்பு ஸ்கெட்சால் ‘தினமும் போட்டால் மரணம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் கேன்சருக்குக் கொடுக்கிற அளவு வேறு, இது துளி அளவு என்று சொல்லவில்லை. மாதாமாதம் ரத்தம் பார்த்தால் கெடுதலை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. என் பயம் இறங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு. அவர் போன பிறகு பானு சொன்னாள்: “மாத்திரை குடுக்குறீங்களா, பேய் ஓட்டுறீங்களா சார்? அந்த அக்கா கவரத் தூரமாப் புடிச்சிக்கினு போவுது.”

பலாப்பழ வியாபாரி

அதன் பிறகு அந்த மாத்திரைக்கு யார் வந்தாலும் அதே சொற்பொழிவுதான். பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி, எங்கள் ஊரில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் சீட்டை நீட்டினார். பாதி கேட்டதுமே சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கு ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் சகாயமேரியும் வரவில்லை. சிதம்பரத்திலேயே வாங்கிக்கொள்கிறார் போல என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். வியாபாரி படியிறங்கும்போது சொன்னது இது: “கோணக் கையோட உசுரோட இருந்துட்டுப் போறேம்பா, ஆள விடு.”

வலது கை

2009-ல் ஒரு மத்தியானம் சகாயமேரி வந்தார். சீட்டை வாங்காமல் அதை நீட்டிய வலது கையையே பார்த்தேன். நாலு விரலும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

நான் கொடுத்த மாத்திரையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டாராம். அப்புறம் கவரைப் பார்க்கும்போதெல்லாம் பயம் ஜாஸ்தியாகி நிறுத்திவிட்டாராம். வேறு ஏதோ ஒரு கடையில் சீட்டு இல்லாமலே ‘செட்’ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்து பொட்டலமாகக் கட்டித் தருவார்களே, அது. வலி பறந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று நம்பி ராப்பகலாகத் தைத்திருக்கிறார். வலி இல்லாத அந்த இரண்டு வருஷமும் உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என்னால்தானே என்று கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: “விரல் போவும்னு டாக்டரு சொன்னாரு, உசுரு போவும்னு நீங்க சொன்னீங்க. நான் உசுர எடுத்துக்கிட்டேண்ணே.”

இடது கை

இடது கை இன்னும் நேராக இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் டாக்டர் மறுபடி அதே மாத்திரையை எழுதியிருந்தார். இந்தத் தடவை அவரைக் கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தேன். எதற்கு, எவ்வளவு, என்றைக்கு, என்ன டெஸ்ட், வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு யாரிடம் ஓடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த நாள் என்று கேட்டதற்கு, ஞாயிறு பூசை முடிந்து வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். கவரில் ‘ஞாயிறு மட்டும், மூன்று’ என்று நீல மையில் எழுதினேன். அவரையே படித்துக் காட்டச் சொன்னேன்.

பயம் போய்விட்டதா? எங்கே போகிறது! மாதாமாதம் அவர் ரத்த டெஸ்ட் காகிதத்தைப் பிரிக்கும்வரை எனக்கு நெஞ்சு அடிக்கும். ஒரு மாதம் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் படியேறினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடது கையைத்தான் பார்ப்பேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம், அது நேராகவே இருந்தது. 2011-ல் ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் வலது கையைத் தூக்கிக் கவுண்டர்மேல் வைத்துச் சொன்னார்: “அதயே ஏன் பாத்துக்கினு இருக்கீங்கண்ணே, அது நல்லாத்தான் இருக்கு. இதயும் ஒரு தடவ பாருங்க.”

வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மாத்திரையை விற்றுக்கொண்டு, பயத்தை மட்டும் தினமும் போட்டுக்கொண்டு, அது போதாதென்று வந்தவர்களுக்கும் அதையே கவரில் போட்டுக் கொடுத்த பார்மசிஸ்ட் நான்.